அம்மாவின் லைஃப் ஜாக்கெட்டை விற்கலாமா?

கேள்வி: 1991-இல் தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் ஓஷியானோஸ் என்ற பயணிகள் கப்பல் மூழ்கியபோது அம்மாவையும் சித்தியையும் ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றினார்கள். அன்று போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டை அம்மா கடைசிவரை பீரோவில் வைத்திருந்தார். இந்தத் தை மாதம் அம்மா தவறிவிட்டார். பழம்பொருள் சேகரிக்கும் ஒருவர் அதை விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. கறையாக இருக்கிறதே, துவைத்து வைக்கட்டுமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் ஒன்று: துவைக்காதீர்கள். ஈரத்துணியால்கூடத் துடைக்க வேண்டாம். அந்த உப்புக்கறைதான் அதன் சாட்சி.

1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் இசைக்குழுத் தலைவர் வாலஸ் ஹார்ட்லியின் வயலின் 2013-இல் இங்கிலாந்தில் 9 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அதற்கு முன் பல வருஷம் அதைச் சோதித்தார்கள். அதிலிருந்த துரு கடல்நீரில் கிடந்ததால் வந்ததுதானா என்றுகூடப் பார்த்தார்கள். கூடவே ஒரு எழுத்துச் சான்றும் கிடைத்தது. ஹார்ட்லிக்கு நிச்சயமாகியிருந்த மரியா, வயலினைத் திருப்பி அனுப்பியதற்கு நன்றி சொல்லும் தந்தியின் வாசகத்தை 1912-இல் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார்.

உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது? டிக்கெட், அந்த வாரத்துப் பேப்பர், கரையேறியபோது எடுத்த போட்டோ, எதுவானாலும் தேடி எடுங்கள். ஓஷியானோஸில் இருந்த 571 பேரும் பிழைத்தார்கள். அது பெரிய பாக்கியம். ஆனால் அதே மாதிரி ஜாக்கெட் வேறு வீடுகளிலும் இருக்கலாம் என்பதால் டைட்டானிக் விலையை எதிர்பார்க்காதீர்கள். உங்களுடையதைத் தனியாகக் காட்டுவது அம்மாவின் கதை மட்டும்தான். எழுத்தில் இல்லாவிட்டால் அது வெறும் பழைய ஜாக்கெட்.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் வரும். கேப்டவுனிலிருந்து போய் டைட்டானிக்கில் ஏறிய ஈடித் பிரவுனுக்கு அப்போது 15 வயது. அப்பாவைக் கப்பலிலேயே விட்டுப் பிரிந்தார். கடலடியில் கிடைத்த அப்பாவின் தங்கக் கடிகாரம் 1993-இல் அவர் கைக்கு வந்தது, அதுவும் ஆயுள் காலத்துக்கு இரவலாகத்தான். மீட்ட கம்பெனியின் பொருள் அது. நினைத்தாலே மனசு வலிக்கிறது. உங்கள் ஜாக்கெட் கடலடியிலிருந்து எடுத்ததல்ல, அம்மா உடம்போடு கரைக்கு வந்தது. நம் தென்னாப்பிரிக்கச் சட்டம் பாதுகாப்பது 60 வருஷத்துக்கு மேலான கப்பல் சிதைவுகளை. ஓஷியானோஸ் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை.

தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். விற்பது அம்மாவை மறப்பதாகாது. ஆனால் இப்போது வேண்டாம், வருஷத் திதி முடியட்டும். கேட்டவர் அவசரப்படுத்தினால், அவசரம் அவருக்குத்தானே தவிர உங்களுக்கில்லை. கொடுப்பதென்று இருவரும் முடிவு செய்தால், டர்பன் துறைமுகத்தில் உள்ள போர்ட் நேட்டால் கடல்சார் அருங்காட்சியகத்தில் முதலில் கேளுங்கள் என்பேன். தென்னாப்பிரிக்க இந்தியர்களான நம்மவர்கள் கதைகளைச் சேர்த்து வைக்கும் வெஸ்ட்வில் காந்தி–லுதூலி ஆவண மையத்திலும் விசாரியுங்கள்.

அதுவரை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், டர்பன் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். சாயமில்லாத பருத்தித் துணியில் சுற்றி, மடிக்காமல், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

அப்புறம், சித்தி. கூடவே இருந்தவர் அவர். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வார்ப்பட்டையைக் கட்டிவிட்டது யார், மேலே தூக்கும்போது அம்மா என்ன சொன்னார், யார் முதலில் போனது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தம்பியையும் அழைத்துப் போங்கள்.