வாசகர் கேள்வி–பதில்: தினீப்பர் கரையில் ஒரு சுவீடிஷ் ஊர்

கேள்வி: உக்ரைன் போர்ச் செய்திகளுக்கிடையே ‘காமல்ஸ்வென்ஸ்க்பி’ என்ற சுவீடிஷ் கிராமத்தைப் பற்றிப் படித்தேன். சுவீடன் எங்கே, உக்ரைன் எங்கே? அந்த மக்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவர்கள் சுவீடனிலிருந்து நேராக வந்தவர்கள் அல்லர். இன்றைய எஸ்தோனியாவுக்கு உட்பட்ட தாகோ தீவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சுவீடிஷ் மொழி பேசும் குடியானவர்கள். அத்தீவு ரஷ்யப் பேரரசின் வசமான பிறகு, நிலப்பிரபுவான ஸ்டென்பாக் பிரபுவுக்கும் அவர்களுக்கும் நிலவுரிமை தொடர்பாக நீண்ட தகராறு நடந்தது. அப்போது, துருக்கியரிடமிருந்து புதிதாகக் கைப்பற்றிய தெற்குப் புல்வெளிகளில் ஆட்களைக் குடியேற்ற முனைந்திருந்த பேரரசி இரண்டாம் கேத்தரின், அவர்களை அங்கே அனுப்ப 1781-இல் ஆணையிட்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம், நடுவில் கடுங்குளிர்காலம். 1782 மே மாதம் தினீப்பர் ஆற்றங்கரையை அடைந்தபோது எஞ்சியிருந்தவர்கள் 535 பேர். அங்கே அவர்களுக்கென்று வீடுகள் எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. பசியும் நோயும் வாட்டியதில், 1783 மார்ச் மாதத் திருச்சபைக் கணக்கின்படி உயிரோடு இருந்தவர்கள் 135 பேர் மட்டுமே. ஒன்றரை ஆண்டில் எட்டில் ஏழு பேர் போய்விட்டார்கள். இவ்வூரின் வரலாற்றில் எத்தனையோ எண்கள் வருகின்றன. என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

பின்னர் அருகிலேயே ஷ்லாங்கென்டார்ஃப், முல்ஹவுசென்டார்ஃப், க்ளோஸ்டர்டார்ஃப் என்ற ஜெர்மானியக் குடியிருப்புகள் எழுந்தன. புதிய அண்டை வீட்டார் வந்தும் சுவீடிஷ் மக்கள் தங்கள் மொழியையும் லூத்தரன் வழிபாட்டையும் விடவில்லை. 1885-இல் புனித யோவான் தேவாலயத்தைக் கட்டி முடித்தார்கள்.

கேள்வி: அவர்கள் அனைவரும் ஒருகட்டத்தில் சுவீடனுக்கே திரும்பிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலோர் திரும்பினார்கள், ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. சோவியத் ஆட்சியில் மத வாழ்க்கையும் சொந்த நிலமும் பறிபோகும் நிலை வந்தபோது அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டுப் பெற்றார்கள். 1929 ஆகஸ்ட் 1 அன்று சுமார் 880 பேர் தென்சுவீடனின் ட்ரெல்லெபோரி துறைமுகத்தில் இறங்கினார்கள். ஒரே ஊராகச் சேர்ந்து வாழலாம் என்று நம்பி வந்தவர்களுக்கு அது கிட்டவில்லை. பலர் காட்லாந்து தீவில் ஆங்காங்கே பண்ணைகளில் அமர்ந்தார்கள், சிலர் கனடாவுக்குப் போனார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் சோவியத் நாட்டுக்கே மீண்டார்கள்.

மீண்டவர்களுக்கு வாய்த்தது 1932–33-இன் கொடும் பஞ்சம். அதற்கடுத்து 1937–38-இன் கைதுகளும் மரணதண்டனைகளும். பின்வாங்கிய ஜெர்மன் படை 1943-இல் ஊராரைத் தன்னோடு கொண்டுசென்றது. போர் முடிந்ததும் அவர்களில் சிலர் சுவீடன் சேர்ந்தார்கள். மற்றவர்கள் சோவியத் படையிடம் சிக்கி, உழைப்பு முகாம்களில் காலம் கழித்த பிறகே ஊர் திரும்ப முடிந்தது.

கேள்வி: இன்று அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: பழைய சுவீடிஷ் ஊருக்கெனத் தனிக் கணக்கு இப்போது இல்லை. அதுவும் அந்த ஜெர்மானியக் குடியிருப்புகளும் சேர்ந்து, கெர்சோன் மாகாணத்தில் ஸ்மியீவ்கா என்ற ஒரே கிராமமாகிவிட்டன. அண்மைப் போருக்கு முன் அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அவர்களில் சுவீடிஷ் வம்சாவளியினர் சிறுபான்மையினரே. முன்னோரின் வட்டார மொழியைச் சரளமாகப் பேசியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள் மட்டுமே. ஊராரில் பலர் போய்கோ என்னும் கார்பாத்திய மலைமக்களின் வழிவந்தவர்கள். 1951-இல் போலந்தும் சோவியத் யூனியனும் எல்லை நிலங்களை மாற்றிக்கொண்டபோது சொந்த மலையூர்களிலிருந்து பெயர்க்கப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். இந்த ஊரின் மக்கள்தொகை ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் யாரோ எங்கோ போட்ட கையெழுத்தால்தான் என்பதை இவர்கள் வரலாறும் காட்டுகிறது.

2008-இல் சுவீடன் மன்னர் கார்ல் குஸ்தாவும் அரசி சில்வியாவும் இவ்வூருக்கு வந்து போனார்கள். 2022-இல் ரஷ்யப் படை ஊரைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் உக்ரைன் மீட்டது. ஆற்றின் எதிர்க்கரை ரஷ்யர் வசமே இருந்ததால் பீரங்கித் தாக்குதல் ஓயவில்லை. 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தபோது ஊரை ஒட்டியிருந்த நீர்த்தேக்கமும் வற்றிப்போயிற்று. பலர் வேறிடங்களுக்குச் சென்றுவிட்ட நிலையில், போருக்கு முந்தைய எண்ணிக்கையை இன்றைய கணக்காகக் கொள்வது சரியாகாது.