ஃபெல்லோஷிப் கேட்கிற தம்பிக்கு: முதல்ல நிபந்தனையைப் படிங்க

தம்பி, வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் படிக்க ஃபெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ணப் போறேன், எப்போ ஆரம்பிக்கணும், மார்க் எவ்வளவு வேணும், ரெகமண்டேஷன் லெட்டர் யார்கிட்ட வாங்கணும், குளிர் தாங்குமா, பார்ட் டைம் வேலை கிடைக்குமான்னு ஒரே மூச்சுல கேட்டிருக்கீங்க. குளிருக்கு ஒரு நல்ல கோட்டு போதும், அதை விடுங்க. நீங்க கேட்காம விட்டதுதான் பெரிய கேள்வி: படிப்பு முடிஞ்ச பிறகு அந்தப் பணம் உங்ககிட்ட என்ன கேட்கும்?

அமெரிக்க அரசு கொடுக்கிற ஃபுல்பிரைட்ல போறவங்களுக்கு ஜே-1ங்கிற பரிமாற்ற விசா. படிப்பு முடிஞ்சு சொந்த நாட்டுல மொத்தம் ரெண்டு வருஷம் இருந்து கழிச்சாத்தான் எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ வாங்க முடியும். விலக்கு கேட்க வழி உண்டு, ஆனா அமெரிக்க அரசுப் பணத்துல படிச்சவங்களுக்கு அது லேசுல கிடைக்காது. பிரிட்டன் அரசோட உதவித்தொகையான செவனிங்கும் ரெண்டு வருஷம் ஊர் திரும்பச் சொல்லுது. பிரிட்டன்ல படிச்சு முடிச்சவங்க வேலை தேடத் தங்குற கிராஜுவேட் விசா இருக்கே, அரசாங்கமோ சர்வதேச உதவித்தொகை அமைப்போ ஃபீஸும் வாழ்க்கைச் செலவும் கொடுத்து முழுசாப் படிக்க வச்சிருந்தா அதுக்கு அவங்க எழுத்துமூலமா சம்மதிக்கணும். ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கிற எராஸ்மஸ் முண்டஸ்ல இந்தத் திரும்பிப் போற கட்டாயம் கிடையாது.

இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சா வருத்தமில்லை. திரும்பிப் போய் வேலை பார்க்கிற எண்ணம் இருக்கிறவருக்கு ஃபுல்பிரைட்டும் செவனிங்கும் அருமையான வாய்ப்பு. "முதல்ல வா, மத்ததை இங்க வந்து பாத்துக்கலாம்"னு அறிவுரை சொல்ற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்கள்ல பாதிப்பேர் சொந்தப் பணத்துல, வேற விசாவுல வந்தவங்க. அவங்களுக்கு இந்த நிபந்தனை ஒண்ணுகூடக் கிடையாது, அதனால தெரியவும் தெரியாது.

அடுத்தது, எந்தக் கதவைத் தட்டுறோம்னு தெளிவு வேணும். செவனிங்ல உதவித்தொகைக்கு ஒரு விண்ணப்பம், பல்கலைக்கழக அட்மிஷனுக்குத் தனி விண்ணப்பம். படிவத்துல மூணு கோர்ஸ் எழுதணும், அதுல ஒண்ணுல எந்த நிபந்தனையும் பாக்கி இல்லாத அட்மிஷன் கெடுவுக்குள்ள கையில வந்தாகணும். இன்டர்வியூல ஜெயிச்சும் இந்தக் கட்டத்துல கோட்டை விடுறவங்க உண்டு. எராஸ்மஸ் முண்டஸ்ல அட்மிஷனும் உதவித்தொகையும் ஒரே விண்ணப்பம், அந்தக் கோர்ஸை நடத்துற பல்கலைக்கழகக் கூட்டுக்கே நேரா அனுப்பணும். ஜெர்மனியோட டாட் (DAAD) அமைப்பு, வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்குக் கொடுக்கிற உதவித்தொகைக்கு ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேட்குது, கடைசி டிகிரி ஆறு வருஷத்துக்கு மேல பழசா இருக்கவும் கூடாது. செவனிங் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்குது. காலேஜ் முடிச்ச கையோட வர்றவங்களுக்கு இது ரெண்டும் ஆகாது, எராஸ்மஸைப் பாருங்க. மார்க்கைப் பத்திக் கவலைப்படுறதுக்கு முன்னாடி இந்தத் தகுதி வரியைப் படிங்க, வடிகட்டல் இங்கதான் தொடங்குது.

படிப்பு தொடங்குறதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி வேலையை ஆரம்பிங்க. ஐஇஎல்டிஎஸ்ங்கிற ஆங்கிலத் தேர்வு மார்க் ரெண்டு வருஷம்தான் செல்லும், ரொம்ப முந்தியும் எழுதக் கூடாது. முக்கால்வாசி விண்ணப்பம் ஆகஸ்ட்டுக்கும் ஜனவரிக்கும் நடுவுல முடிஞ்சிடும். கடைசி நாள் எந்த நாட்டு நேரப்படின்னு பாருங்க. நடுராத்திரின்னு நினைச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க, கெடு அங்க மதியம் 12 மணியோட முடிஞ்சிருக்கும். பாஸ்போர்ட், மார்க் ஷீட், ஐஇஎல்டிஎஸ் மூணுலயும் பேர் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். ஒண்ணுல முதலெழுத்தும் இன்னொண்ணுல விரிச்ச பேரும் இருந்தா, அதைச் சரிபண்ணவே மாசக்கணக்கில் ஆகும்.

ரெகமண்டேஷன் லெட்டருக்கு வருவோம். துறைத் தலைவர்னு பெரிய பதவியைத் தேடிப் போகாதீங்க. "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்"னு நாலு வரிதான் அவரால எழுத முடியும். ப்ராஜெக்ட்ல உங்களைக் கூட வச்சு வேலை வாங்கின ஆசிரியர்தான் சரியான ஆள். கெடுவுக்கு ஆறு வாரம் முன்னாடி கேளுங்க. கேட்கும்போதே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்க: எந்த ஃபெல்லோஷிப், அவங்க என்ன குணம் தேடுறாங்க, அவர்கிட்ட நீங்க செஞ்ச மூணு வேலை, கடைசி நாள். படிவத்துல அவரோட கல்லூரி அல்லது அலுவலக மின்னஞ்சலையே போடுங்க, சொந்த ஜிமெயில் முகவரியைச் சில இடங்கள்ல ஏத்துக்க மாட்டாங்க. அவருக்குப் போற லிங்க் பெரும்பாலும் ஸ்பேம்ல விழும், மறுநாளே ஒரு போன் போட்டு விசாரிங்க. முன்னெல்லாம் லெட்டரை உறையில போட்டு ஒட்டி, ஒட்டின மடிப்பு மேல ஆசிரியர் குறுக்கே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுப்பார். மை கலைஞ்சிருந்தாலே உறையைத் திருப்பி அனுப்பின காலம் அது. இப்ப இருக்கிற சௌகரியத்துக்கு ஒரு போன் பண்றது பெரிய வேலையே இல்லை.

"நீயே எழுதிக் கொண்டா, நான் கையெழுத்துப் போடுறேன்"னு சில ஆசிரியர் சொல்வார். வேண்டாம். உங்க கட்டுரையும் அந்த லெட்டரும் ஒரே நடையில இருந்தா படிக்கிறவங்களுக்கு உடனே தெரியும்.

கட்டுரையில "எனக்குத் தலைமைப் பண்பு உண்டு"ன்னு எழுதினா அது வெறும் வார்த்தை. "குழுவுல மூணு பேர் விலகினாங்க, மீதி ரெண்டு பேரை வச்சுக் கணக்கெடுப்பை முடிக்கணும், அதுக்காக 40 கேள்விப் படிவத்தை 18 ஆக்கினேன், தேதி தவறலை"ன்னு எழுதினா அதுல ஆள் தெரியும். ஏன் இந்த நாடு, ஏன் இந்தக் கோர்ஸ்ங்கிற இடத்துல பாடத்தோட பேரைச் சொல்லி, அது ஊர்ல எந்த வேலைக்கு உதவும்னு சொல்லுங்க. பல்கலைக்கழகத் தரவரிசையைப் புகழ்ந்து ஒரு பத்தி ஓட்டாதீங்க. போன வருஷம் ஜெயிச்சவரோட கட்டுரையைக் காசுக்கு விக்கிற புண்ணியவான்கள் இங்கேயே இருக்காங்க. ஒரே கட்டுரையைப் பத்துப் பேர் வாங்கினா பத்தும் ஒரே மேஜைக்குத்தான் போகும்.

பணம் வர்ற நேரத்தையும் பாருங்க. எராஸ்மஸ் முண்டஸ் மாசம் 1,400 யூரோ கொடுக்குது, விமானம், விசா, வாடகை எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். பல இடத்துல முதல் தவணை நீங்க போய்ச் சேர்ந்து, பதிவு பண்ணி, வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் வரும். வீட்டுக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். ஜெர்மனியில அட்வான்ஸா மூணு மாச வாடகை வரைக்கும் கேட்கச் சட்டத்துல இடம் இருக்கு. அட்வான்ஸ், முதல் மாச வாடகை, ஒரு மாசச் செலவு, இவ்வளவும் கையில இல்லாம கிளம்பாதீங்க.

பார்ட் டைம் வேலைக்கு ரெண்டு அனுமதி வேணும்: விசாவோடது ஒண்ணு, ஃபெல்லோஷிப்போடது ஒண்ணு. பிரிட்டன் மாணவர் விசா டிகிரி படிக்கிறவங்களுக்கு டெர்ம் நேரத்துல வாரம் 20 மணி நேரம் விடுது. உங்க ஃபெல்லோஷிப் ஒப்பந்தம் அதைவிடக் குறைச்சு வச்சிருந்தா, இல்ல கூடவே கூடாதுன்னா, அதுதான் உங்களுக்குக் கணக்கு. சந்தேகம் இருந்தா மின்னஞ்சல்ல கேட்டு, பதிலைப் பத்திரமா வச்சுக்கங்க.