பாமுத்: கொல்லைப்புறம் திறந்திருந்த முற்றுகை

கேள்வி: முதல் செச்னியப் போரில் பாமுத் என்ற கிராமம் ரஷ்ய ராணுவத்தின் முற்றுகையை ஒரு வருடத்துக்கு மேல் தாங்கியதாமே? அங்கிருந்த ரகசிய ஏவுகணைச் சுரங்கங்கள்தான் காரணமா?

பதில்: தாங்கியது உண்மை. ரஷ்யாவிலிருந்து பிரிந்துபோக நினைத்த செச்னியாவோடு 1994-96இல் நடந்த போர் அது. 1995 வசந்தத்தில் தொடங்கிய தாக்குதல் 1996 மே கடைசியில்தான் முடிந்தது. சுரங்கக் கதையைத்தான் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். சோவியத் காலத்து ஏவுகணைத் தளம் ஒன்று ஊரருகே இருந்தது, கான்கிரீட் குழிகளோடு. குண்டு விழும்போது பதுங்க அருமையான இடம். சரி, பதுங்கியாயிற்று. குழிக்குள் ரொட்டி விளையுமா, தோட்டா காய்க்குமா?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே சமவெளி, ரஷ்யர்கள் வந்தது அந்தப் பக்கமாக. தெற்கே ஃபோர்தங்கா ஆறு இறங்கிவரும் பள்ளத்தாக்கு, இருபுறமும் காடடர்ந்த மலை. மேற்கே கொஞ்ச தூரத்திலேயே, ரஷ்யாவுக்குள் இருக்கும் அண்டைக் குடியரசான இங்குஷேத்தியாவின் எல்லை. முன்வாசலில் பீரங்கியை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டிருந்தார்கள். களைத்த செச்னியப் போராளி மலைக்குப் போவான், புது ஆள் இறங்கி வருவான். இதை முற்றுகை என்று சொல்லவே எனக்குத் தயக்கம். மலையைப் பிடிக்காமல் ஊர் கிடைக்காது என்பது 1995 ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. ஊரை ஒட்டிய ஒரு குன்றை ரஷ்யர்கள் 'மொட்டை மலை' என்பார்கள். அதில் ஏறிய உள்துறைச் சிறப்புப் படைப்பிரிவு ஒன்று மேலே மாட்டிக்கொண்டு, பலரைப் பறிகொடுத்துவிட்டு இறங்கியது.

போராளிகளிடம் துணிச்சல் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊர்க்காரர்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! அவர்களில் பெரும்பாலோர் இங்குஷேத்தியாவில் அகதிகளாகக் கிடந்தார்கள். ஊர் விழுந்தபோது அங்கே குடியிருக்க வீடு மிஞ்சவில்லை, பீரங்கி தரைமட்டமாக்கியிருந்தது.

அப்புறம், ஏன் சரியாக அந்த மே மாதம்? ஜூன் 16 அன்று ரஷ்யாவில் அதிபர் தேர்தல்; பதவியிலிருந்த யெல்ட்சின் மறுபடி போட்டியிட்டார். மே 27 அன்று மாஸ்கோவில் செச்னியத் தலைவர் யாந்தர்பியெவுடன் போர்நிறுத்தம் பேசி முடித்த யெல்ட்சின், அவரை அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் செச்னியாவுக்குப் பறந்தார். கவச வண்டியின் இரும்புத் தகட்டின் மேலேயே காகிதத்தை வைத்து ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார்; போர் முடிந்தது, ஜெயித்துவிட்டீர்கள் என்று சிப்பாய்களிடம் சொன்னார். ஆகஸ்ட் 6 அன்று போராளிகள் தலைநகர் க்ரோஸ்னிக்குள்ளேயே புகுந்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று பக்கத்து தாகெஸ்தானின் கசவ்யூர்த் நகரில் போரை நிறுத்தும் உடன்பாடு. அத்தனை மாதம் மோதிப் பிடித்த பாமுத்தையும் சேர்த்து விட்டுவிட்டு ரஷ்யப் படை கிளம்ப வேண்டியதாயிற்று.