பவளத்தில் வெள்ளைத் திட்டு: வெளிறலா, நோயா?

கேள்வி: ஸ்கூபா டைவிங் பழகி ஒரு வருடம் ஆகிறது. வழக்கமாக ஒரே இடத்தில்தான் இறங்குவேன். அங்கே மூளை போல மடிப்பு மடிப்பாக இருக்கும் பெரிய பவளம் ஒன்றின் ஓரத்தில் உள்ளங்கை அளவு வெள்ளைத் திட்டு இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பாதிப் பவளம் வெள்ளை. இது வெப்பத்தால் வெளிறியதா, நோயா? நான் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: ஓரத்தில் தொடங்கி இவ்வளவு வேகமாகப் பரவியிருப்பதால் நோய் என்றே சந்தேகப்படுகிறேன். உறுதி செய்ய, அடுத்த முறை வெள்ளைப் பகுதியை விட அதன் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள்.

வெளிறிய பவளம் செத்துப்போன பவளம் அல்ல. கடல்நீர் சூடாகும்போது, தன் திசுவுக்குள் வாழ்ந்து தனக்கு உணவு தந்த நுண்பாசியைப் பவளம் இழந்துவிடுகிறது. நிறம் போன திசு கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் பாலிப்கள், அதாவது பவளத்தை உருவாக்கும் சின்னஞ்சிறு உயிர்கள், இருக்கும். நிறமும் படிப்படியாக மங்கியிருக்கும். பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பவளங்களும் சேர்ந்தே வெளிறியிருக்கும்.

திசு அழியும் நோயில் கதை வேறு. உயிருள்ள பகுதி சட்டென முடிந்து, கோடு கிழித்தாற்போல வெறுங்கூடு தொடங்கும். அதற்கும் அப்பால், முன்பே செத்த இடத்தில் பச்சைப் பாசி படிந்திருக்கும். விளிம்பில் கறுப்பாக ஒரு பட்டை இருந்தால் அது கறுப்புப் பட்டை நோய். இந்த நோய் 1970களிலேயே பதிவானது.

அப்புறம், நோய் என்று முடிவு கட்டுமுன் இடுக்குகளையும் பவளத்தின் அடிப்புறத்தையும் தேடிப் பாருங்கள். முள்கிரீட நட்சத்திர மீனோ துருபெல்லா நத்தையோ தின்ற இடமும் இதே போல வெள்ளைவெளேர் என்றுதான் இருக்கும்.

வேகத்தைப் பார்த்து நான் கவலைப்படக் காரணம் உண்டு. 2014-ல் புளோரிடாவில் மயாமிக்கு அருகே தென்பட்ட கல் பவளத் திசு இழப்பு நோய், பிறகு கரீபியன் கடலின் பல நாடுகளுக்குப் பரவி, 20-க்கும் மேற்பட்ட பவள இனங்களைத் தாக்கியது. நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த பவளம் சில வாரங்களில், மாதங்களில் அழிந்துபோனது. அங்கே அமாக்சிசிலின் என்ற ஆண்டிபயாட்டிக் கலந்த பசையைப் புண்ணின் விளிம்பில் பூசுகிறார்கள். பூசிய புண் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அதே பவளத்தில் வேறோர் இடத்தில் புதிதாகப் புண் வரலாம், திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். நோயை எதிர்க்கும் பவளத்திலிருந்து எடுத்த நல்ல பாக்டீரியாவையும் சோதித்து வருகிறார்கள். எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். கடலில் ஆண்டிபயாட்டிக்கை நீண்ட நாள் கொட்டிக்கொண்டிருக்க முடியாது.

எனவே தயவுசெய்து நீங்களாக எதையும் பூச வேண்டாம். நோயுற்ற பகுதியை உடைத்து எடுக்கவும் வேண்டாம். அது அனுமதி பெற்ற குழுவின் வேலை. அந்தக் குழுவுக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது நல்ல பதிவு. பக்கத்தில் ஓர் அளவுகோல் தெரியும்படி, ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் படம் எடுங்கள். தேதி, ஆழம், உங்கள் டைவ் கம்ப்யூட்டர் காட்டிய நீரின் வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்து, அந்தப் பகுதியைக் கவனிக்கும் கடல்வளத் துறைக்கோ ஆய்வு நிலையத்துக்கோ அனுப்புங்கள். மூன்று வார இடைவெளியில் நீங்கள் பார்த்த மாற்றமே அவர்களுக்குப் பெரிய தகவல்.

ஒரே நாளில் பல இடங்களில் இறங்கினால், நோயுள்ள இடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் துடுப்பு, முகமூடி, உடை எல்லாவற்றையும் கிருமிநாசினியில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். அந்தக் கழுவிய நீரைக் கடலில் ஊற்றக் கூடாது.

பிளாஸ்டிக்கையும் கவனியுங்கள். ஆசிய-பசிபிக் பகுதியில் 159 பவளத்திட்டுகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வில், பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் இருக்கும் வாய்ப்பு 4 சதவீதம், பட்டதற்கு 89 சதவீதம் என்று தெரிந்தது. பவளத்தின் மேல் பை கிடந்தால் மெல்ல எடுத்துவிடுங்கள். வலையோ தூண்டில் நரம்போ பவளத்துக்குள் பதிந்து வளர்ந்திருந்தால் இழுக்காதீர்கள், வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்.