நடனமும் நடையும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கொழும்பில் நடந்த உறவினர் திருமண வரவேற்பில், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த தம்பதியர் ‘சிக்காகோ ஸ்டெப்பிங்’ ஆடினார்கள். துள்ளலே இல்லாத இந்த ஆட்டத்தின் மரபு என்ன? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: சிக்காகோ நகரத்துக் கறுப்பின மக்கள், நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் 1920களின் இறுதியில் உருவான ‘லிண்டி ஹாப்’ என்ற துள்ளல் நடனத்தின் வழிவந்த ‘பொப்’ (Bop) ஆட்டத்தின் வேகத்தைத் தணித்து, 1970களில் இந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கிய இணை நடனம் இது. சோல், ஆர் அண்ட் பி இசையின் நிதானமான தாளத்தில், பெரும்பாலும் எட்டு எண்ணிக்கைகளுக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்ப்பாதையில் இருவரும் நெருங்கி விலகுவார்கள்.

தாங்கள் கண்ட இருவரின் கைகளை நினைத்துப் பாருங்கள். ஆண் இழுப்பதில்லை; விரல்நுனியின் மெல்லிய அழுத்தத்தால் திசையை உணர்த்துகிறார், பெண் அதைப் பெற்றுத் தம் சொந்த அழகுடன் திரும்புகிறார். இதன் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நம் திருமணங்களில் பைலா தோள்களையும் இடுப்பையும் குலுக்கி எல்லோரையும் மேடைக்கு அழைக்கும். ஸ்டெப்பிங்கோ மேலுடலை அமைதியாக வைத்து, சப்பாத்துத் தரையில் வழுக்குவதுபோல் நடக்கச் சொல்கிறது. நேர்த்தியாக உடுத்தி வருவதும் இம்மரபின் பகுதியே.

கற்க விரும்பினால், முதலில் பாட்டைக் கேட்டபடி தாளத்துக்கு நடந்து பழகுங்கள்; சுழற்சிகள் பிறகு வரட்டும்.