டெக்சாஸ் போனால் வரி மிச்சம்தான், வட்டி?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சி எடிசனில் 12 வருடங்களாக இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம். 401கே ஓய்வுக்காலச் சேமிப்புப் பிடித்தம் போக இருவர் சம்பளமும் சேர்த்து வருடத்துக்கு 2.2 லட்சம் டாலர். இரண்டு பிள்ளைகள். சொந்த வீடு, இன்றைய மதிப்பு 6.5 லட்சம் இருக்கும். சொத்து வரி வருடம் 12,500. வீட்டுக் கடனில் 2.8 லட்சம் பாக்கி, 2021-ல் 2.875 சதவீத வட்டிக்கு மாற்றிக்கொண்டோம். கணவருக்கு டெக்சாஸ் பிளேனோ அலுவலகத்துக்கு அதே சம்பளத்தில் மாற்றல் கிடைக்கும். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. 2019-ல் கலிஃபோர்னியாவிலிருந்து பிளேனோவை ஒட்டிய ஃப்ரிஸ்கோவுக்குப் போன கணவரின் நண்பர், “அங்கே இன்கம் டாக்ஸே கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள்” என்கிறார். வருடம் 14,000 டாலர் மிச்சம் என்று கணவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஃப்ரிஸ்கோவில் 7 லட்சத்துக்கு வீடும் பார்த்தாயிற்று. சிலர் வாஷிங்டன் மாநிலம் இன்னும் நல்லது என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, எடிசன்

பதில்: நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கு அவருக்குச் சரி. கலிஃபோர்னியாவில் நல்ல ஐடி சம்பளம் வாங்கும் தம்பதிக்கு மேல்படி வருமானத்தில் 9.3 சதவீதம் மாநில வரிக்கே போய்விடும். அதை விட்டுவிட்டு 2019 விலையில், 2019 வட்டியில் ஃப்ரிஸ்கோவில் வீடு வாங்கியவர் அவர். நீங்கள் கிளம்பும் ஊரும் வேறு, போய்ச் சேரும் வருடமும் வேறு.

முதலில் அந்த 14,000-ஐப் பார்ப்போம். 2.2 லட்சத்தை நியூஜெர்சி வருமான வரியின் 6.37 சதவீதத்தால் பெருக்கினால் 14,014 வருகிறது. உங்கள் கணவர் இப்படித்தான் போட்டிருப்பார். நியூஜெர்சி வரி படிப்படியாக ஏறுவது. தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு முதல் 20,000-க்கு 1.4 சதவீதம்தான். 1.5 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே 6.37 சதவீதம். உங்கள் இருவருக்கும் ஆளுக்கு 1,000, பிள்ளைகளுக்குத் தலா 1,500 கழிவு உண்டு. கட்டும் சொத்து வரியையும் 15,000 வரை வருமானத்தில் கழிக்கலாம். எல்லாம் போக வரிக்குரிய வருமானம் 2,02,500. அதற்கு வரி சுமார் 8,850 டாலர். போன வருட என்ஜே-1040 படிவத்தை எடுத்துப் பாருங்கள், இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆக, டெக்சாஸ் போனால் வருமான வரியில் மிச்சம் 14,000 அல்ல, 8,850. அதுவும் சின்னத் தொகை இல்லை. அந்த மிச்சம் திடீரென்று பறிபோகவும் போகாது. தனிநபர் வருமான வரி போடக்கூடாது என்று 2019-ல் டெக்சாஸ் வாக்காளர்கள் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அடுத்தது சொத்து வரி. “டெக்சாஸில் இன்கம் டாக்ஸ் இல்லை, அதை வீட்டில் பிடுங்கிவிடுவான்” என்று சொல்லாத ஆள் கிடையாது. கலிஃபோர்னியாவிலிருந்து போகிறவர்களுக்கு அது பொருந்தும். அங்கே 1978-ன் 13-ஆம் தீர்மானப்படி, வாங்கிய விலையில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வரி. வரிக்குரிய மதிப்பும் வருடம் 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நியூஜெர்சிக்காரர்களான நீங்கள் அதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. நாட்டிலேயே சொத்து வரிக்குப் பேர்போன மாநிலத்தில்தான் ஏற்கெனவே இருக்கிறீர்கள். ஃப்ரிஸ்கோவின் காலின் கவுண்டிப் பக்கத்தில் நகரம், பள்ளி, கவுண்டி, கல்லூரி எல்லாம் சேர்த்து 1.7 சதவீதத்தை ஒட்டி வரும். குடியிருக்கும் வீட்டுக்கு ‘ஹோம்ஸ்டெட்’ சலுகை உண்டு. பள்ளி வரியைக் கணக்கிடும்போது வீட்டு மதிப்பில் 1.4 லட்சத்தை விட்டுவிடுவார்கள். ஒரு லட்சமாக இருந்ததை 2025 நவம்பர் வாக்கெடுப்பில் உயர்த்தினார்கள். 7 லட்சம் டாலர் வீட்டுக்கு சுமார் 10,000 வரும்.

உங்கள் 12,500-லும் ஒரு திருத்தம் இருக்கிறது. நியூஜெர்சியின் ‘ஆங்கர்’ சொத்து வரி நிவாரணத் திட்டத்தில் 1.5 லட்சத்துக்கு மேல் 2.5 லட்சம் வரை வருமானம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு 1,000 டாலர் திரும்பக் கிடைக்கும். வாங்குகிறீர்களா? பலர் அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதைக் கழித்தால் உங்கள் சொத்து வரி 11,500. டெக்சாஸ் போனால் இதில் 1,500 மிச்சம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பார்த்திருக்கும் வீடு புதிய குடியிருப்பில் இருந்தால், அது ‘மட்’ பகுதியா என்று முதலில் கேளுங்கள். சாலை, தண்ணீர், சாக்கடைக்கு வாங்கிய கடனை வீட்டுக்காரர்களிடம் தனி வரியாக வசூலிக்கும் அமைப்பு அது. அதைச் சேர்த்தால் மொத்த விகிதம் 2 சதவீதத்தைத் தாண்டிவிடும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது: ஜனவரி 1 அன்று வீடு எந்த நிலையில் இருந்ததோ அதை வைத்துத்தான் மதிப்பு போடுவார்கள். அன்றைக்கு வெறும் மனையாக இருந்திருந்தால் முதல் வருட வரி மனைக்கு மட்டும்தான். வங்கியும் அந்தச் சின்னத் தொகையை வைத்தே எஸ்க்ரோ (வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் பணம்) போடும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரி வரும்போது எஸ்க்ரோவில் பள்ளம் விழுந்து, மாதத் தவணை சில நூறு டாலர் ஏறி நிற்கும். டல்லாஸ் பக்கத்திலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த அதிர்ச்சியைப் பற்றியதுதான்.

விற்பனை வரி இவ்வளவு பெரிய விஷயமில்லை. நியூஜெர்சியில் 6.625 சதவீதம், ஃப்ரிஸ்கோவில் 8.25. அரிசி, பருப்பு, காய்கறிக்கு இரண்டு இடத்திலும் வரி இல்லை. துணிமணிக்கும் செருப்புக்கும் நியூஜெர்சி வரி போடுவதில்லை, டெக்சாஸ் போடும். உங்கள் ஊர் ஓக் ட்ரீ ரோடில் வாங்கும் பட்டுப்புடவைக்கு வரி கிடையாது. பக்கத்துக் கடையில் வாங்கும் நெக்லஸுக்கு உண்டு. வரி விழும் செலவு உங்களுக்கு வருடம் 30,000 என்றும் துணிச் செலவு 5,000 என்றும் வைத்துக்கொண்டால், இங்கே கட்டுவது 1,990 டாலர் போல, அங்கே 2,890 போல. 900 கூடுதல். கார் வாங்குவதற்கு மட்டும் டெக்சாஸ் கொஞ்சம் மலிவு, 6.25 சதவீதம்தான். இங்கிருந்து ஓட்டிக்கொண்டு போகும் காருக்கு, புதிதாகக் குடியேறுபவர் என்ற முறையில் 90 டாலர் கட்டினால் போதும்.

ஆக மூன்று வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் 8,850 கூட்டல் 1,500, அதில் 900 போக, வருடம் 9,450 டாலர் மிச்சம். நண்பரின் பேச்சில் சாரம் இருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு எண்ணுக்கு வருகிறேன்: 2.875. அந்தக் கடனை டெக்சாஸுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வீட்டை விற்கும் அன்று அது முடிந்துவிடும். அங்கே புதுக் கடன் 6.25 சதவீதத்துக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். பாக்கியிருக்கும் அதே 2.8 லட்சத்துக்கு மட்டும் கூடுதல் வட்டி எவ்வளவு தெரியுமா? வருடம் 9,450 டாலர். மேலே மூன்று வரியிலும் மிச்சம் பிடித்த தொகை அப்படியே, ஒரு டாலர் குறையாமல்! தற்செயல்தான், ஆனாலும் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அரசாங்கத்திடமிருந்து மீட்டதை வங்கியிடம் கொடுக்கிறீர்கள்.

உண்மையில் கடன் 2.8 லட்சத்தோடும் நிற்காது. 6.5 லட்சத்துக்கு விற்று, கடனையும் தரகையும் விற்பனைச் செலவுகளையும் அடைத்தால் கையில் 3.25 லட்சம் போல மிஞ்சும். 7 லட்சம் வீட்டுக்கு 3.75 லட்சம் கடன் வேண்டும். போதாததற்கு வீட்டுக் காப்பீடு. வடக்கு டெக்சாஸில் ஆலங்கட்டி மழை கூரையைப் பதம் பார்க்கும். பிரீமியம் நியூஜெர்சியில் கட்டுவதைப் போல இரண்டு மூன்று மடங்காகக்கூட இருக்கும். வீட்டுக்கு விலை பேசுவதற்கு முன்பே காப்பீட்டுக்கு விலை கேட்டு வையுங்கள்.

“கழிவு உச்சவரம்பு 10,000-லிருந்து 40,000-ஆக ஏறிவிட்டதே, அதனால் நியூஜெர்சி இப்போது பரவாயில்லையாமே” என்று இன்னொரு நண்பர் சொல்லக்கூடும். மாநில, உள்ளூர் வரிகளை ஃபெடரல் வரியில் கழித்துக்கொள்ளும் வரம்பு 2025-லிருந்து அப்படி உயர்ந்தது உண்மை. உங்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. மாநில வருமான வரி 8,850, சொத்து வரி 12,500, கடன் வட்டி 8,050, மொத்தம் 29,400. தம்பதிகளுக்குக் கணக்கே காட்டாமல் 2025-ல் கிடைக்கும் நிலையான கழிவு 31,500. அதை நீங்கள் எட்டவே இல்லை. கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ரசீதோடு 2,100 டாலருக்கு மேல் கொடுத்திருந்தால்தான் நிலையான கழிவை விட்டுவிட்டுச் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியல் போடுவதில் அர்த்தம் இருக்கும். டெக்சாஸில் பெரிய வட்டி கட்டுவதால் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுவீர்கள். ஃபெடரல் வரியில் 1,000 டாலர் அளவுக்குக் குறையும். வட்டி கொடுத்து வரிச்சலுகை வாங்குவதை லாபம் என்று யாராவது சொன்னால், அவர் கடன் விற்கிறவராக இருப்பார்.

வாஷிங்டன் மாநிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பளத்துக்கு வரி இல்லை. சியாட்டலில் விற்பனை வரி 10 சதவீதத்துக்கு மேல். சொத்து வரி விகிதம் குறைவு, ஆனால் வீட்டு விலையைக் கேட்டாலே தலை சுற்றும். சம்பளத்தில் பாதி கம்பெனிப் பங்குகளாக வரும் தம்பதிக்கு அது அருமையான இடம். பெரிய லாபத்தில் பங்கு விற்றால் மட்டும் ஆண்டுக்கு 2.78 லட்சத்தைத் (2025 வரம்பு) தாண்டிய நீண்டகால லாபத்துக்குக் குறைந்தது 7 சதவீதம் கட்ட வேண்டும். உங்களுக்கு அங்கே வேலையும் இல்லை, மாற்றலும் இல்லை. விட்டுவிடுங்கள்.

பொதுவாக இப்படிப் பார்க்கலாம்: சம்பளம் ஏற ஏற, வருமான வரி இல்லாத மாநிலம் இனிக்கும். சம்பளம் சிறியதாக இருந்தால் நியூஜெர்சியின் 1.4, 1.75 சதவீதம் உறைக்கவே உறைக்காது, டெக்சாஸின் 8.25 ஒவ்வொரு கடையிலும் உறைக்கும். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள்.

என் கருத்து இதுதான். வரியை மட்டும் காரணமாக வைத்து இப்போது வீட்டை விற்காதீர்கள். கணவருக்குப் பிளேனோவில் பதவி உயர்வோ சம்பள உயர்வோ கிடைத்தால் போங்கள். “அதே சம்பளம்” என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்திலும் கேளுங்கள், ஊருக்குத் தகுந்தபடி சம்பளத்தைக் குறைக்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் அலுவலகம் நியூஜெர்சியில் இருப்பதாக எடுத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு. நியூயார்க்கில் என்றால் கதையே வேறு: சொந்த வசதிக்காக வெளிமாநிலத்திலிருந்து வேலை பார்ப்பவரின் சம்பளத்துக்கும் நியூயார்க் வரி கேட்கும். ஃப்ரிஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் தலைநகர் ஆல்பனிக்கு வரி கட்டுவீர்கள். விசா நிலையை நீங்கள் எழுதவில்லை. யாராவது எச்1பி விசாவில் இருக்க, கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருந்தால், வேலை இடம் மாறுவதற்கு மனுவைத் திருத்த வேண்டும். வழக்கறிஞரைக் கேட்காமல் பெட்டி கட்டாதீர்கள்.

போவது என்றே முடிவானால் முதல் வருடம் அங்கே வாடகைக்கு இருங்கள். எடிசன் வீட்டை அதுவரை வாடகைக்கு விடலாம். அந்த வருமானத்துக்கு நியூஜெர்சியில் வெளிமாநிலத்தார் படிவம் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விற்பதாக இருந்தால் மூன்று வருடத்துக்குள் விற்றுவிடுங்கள். கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது நீங்கள் குடியிருந்த வீடாக இருந்தால்தான் 5 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. விற்கும்போது “எக்ஸிட் டாக்ஸ்” என்று யாராவது பயமுறுத்துவார்கள். அப்படித் தனியாக ஒரு வரி கிடையாது. வெளிமாநிலத்துக்குப் போனவர் வீட்டை விற்றால் பத்திரம் முடிக்கும் அன்றே முன்பணமாக வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். குறைந்தபட்சம் விலையில் 2 சதவீதம், உங்களுக்கு 13,000 டாலர். பிறகு கணக்குக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். குடியிருந்த வீடு என்று ஜிஐடி/ஆர்இபி-3 படிவத்தில் சரியான கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்துவிட்டால் அந்தப் பிடித்தமும் இல்லை. படிவத்தை முன்கூட்டியே வழக்கறிஞரிடம் கொடுத்து வையுங்கள். கையெழுத்துப் போடும் மேசையில் உட்கார்ந்துகொண்டு தேடினால் கிடைக்காது.