கிழக்கு டர்ஹாமுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

வடகிழக்கு இங்கிலாந்தில், பீட்டர்லீ பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்து சில மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கிருக்கும் பெரியவர்கள் எந்நேரமும் சின்ன வயசுக் கதையே பேசுகிறார்கள், பாதி புரியவில்லை, கடைசியில் "ஊர் இப்படியா இருந்தது, எல்லாம் போச்சு" என்று முடிக்கிறார்கள், அது நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்களைக் குத்திச் சொல்வதா என்று கேட்டிருந்தீர்கள். கடைத்தெருவில் கடைகள் மூடிக் கிடப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, மூன்று வயது மகளை இங்கே வளர்க்கலாமா, லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் போய்விடலாமா என்பது இரண்டாவது கேள்வி.

நானும் நர்ஸ் வேலைக்குத்தான் இந்தப் பக்கம் வந்தேன். என் பிள்ளைகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த "எல்லாம் போச்சு". அதைச் சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் மனதில் இருப்பது நிலக்கரிச் சுரங்கம். நீங்கள் பஸ்ஸில் போகும்போது புல் மேடாகத் தெரிகிற இடங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் சுரங்கம் இருந்தது. ஹார்டன் சுரங்கம் 1987இல் மூடப்பட்டது. கடலுக்கு அடியில் மைல் கணக்கில் போய் வெட்டிய ஈசிங்டன் சுரங்கம் 1993 மே மாதம் மூடப்பட்டு, சுமார் 1,400 பேருக்கு வேலை போனது. அதே ஆண்டு டிசம்பரில் சண்டர்லாந்தின் மங்க்வேர்மவுத் சுரங்கமும் போனது. டர்ஹாம் நிலக்கரிப் பகுதியின் கதை அத்தோடு முடிந்தது. இன்று சண்டர்லாந்து கால்பந்து அணியின் மைதானம் நிற்பது அந்தச் சுரங்கம் இருந்த இடத்தில்தான்.

சுரங்கம் மூடினால் ஆலை ஒன்று மூடியது போலத்தானே என்று நாம் நினைப்போம். இங்கே அப்படி இல்லை. குடியிருந்த வீடு சுரங்கத்துடையது. அடுப்புக்கான கரி சம்பளத்தோடு வந்தது. ஹார்டனில் தெருக்களுக்கு முதல் தெரு, இரண்டாம் தெரு என்று வெறும் எண்ணையே பெயராக வைத்தார்கள். சுரங்கம் கட்டிய ஊர் அப்படித்தான் இருக்கும். நடனம், கல்யாண விருந்து, நூலகம், பேண்டு வாத்தியம், கால்பந்து எல்லாம் சுரங்கத் தொழிலாளர்களின் பொது மண்டபமான வெல்ஃபேர் ஹாலைச் சுற்றித்தான். 1920இல் வந்த சட்டப்படி, வெட்டுகிற ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு பென்னி தொழிலாளர் நலநிதிக்குப் போனது; அந்தப் பணத்தில் எழுந்தவைதான் இத்தகைய ஹால்கள் பலவும். சுரங்கம் போனதும் சம்பளம் போனது, சம்பளம் போனதும் கடைகள் போயின, பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போனார்கள். மூடிக் கிடக்கும் அந்தக் கடைத்தெருவின் கதை இதுதான். ஆன்லைன் வியாபாரமும் வங்கிக் கிளைகள் மூடியதும் பின்னால் வந்து சேர்ந்தவை.

அப்புறம் அந்தச் சின்ன வயசுக் கதைகள். நீங்கள் பார்க்கிற பெரியவர்களில் பலர் 1940ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்கள் வீடுகளின் பின்புறம் ஒரு சந்து ஓடும். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். சந்துக்குக் குறுக்கே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கொடி கட்டி, தெரு முழுக்க வெள்ளை விரிப்பாகத் தொங்கும். அந்த நேரம் பார்த்துக் கரி வண்டி வந்துவிட்டால் பெண்கள் போடும் சத்தம் ஊருக்கே கேட்குமாம். கரியை வாசலில் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் அதை வாரிக் கரி அறைக்குள் தள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் சேர்த்து அள்ளிப் போட்டால் கையில் ஏதாவது காசு கிடைக்கும்.

"ப்ராகி மேட்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். பழைய கோட்டு, கால்சட்டை, கம்பளித் துணி எல்லாவற்றையும் விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய சாக்குத் துணியில் குத்திக் குத்திச் செருகிச் செய்கிற தரைவிரிப்பு அது. குளிர்கால ராத்திரிகளில் அம்மா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து குத்துவார்கள். கிறிஸ்துமஸுக்குப் புது விரிப்பு கணப்புக்கு முன்னால் வரும். பழையது அடுப்படிக்குப் போகும். எங்கள் வார்டில் ஒரு பாட்டிக்குச் சொந்த மகளின் பெயர் வராது. ஆனால் எந்த நிறத் துண்டு எந்த மாமாவின் கோட்டிலிருந்து வந்தது என்பதைச் சொல்வார். அவருடைய அம்மாவின் கோ-ஆப் எண்ணையும் தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பார். கூட்டுறவுக் கடையில் சாமான் வாங்கும்போது அந்த எண்ணைச் சொன்னால்தான் லாபத்தில் குடும்பத்தின் பங்கு கணக்கில் ஏறும். கடைக்கு அனுப்பிய குழந்தை அதை மறந்துவிட்டு வந்தால் வீட்டில் திட்டு விழும். இந்தத் தலைமுறைக்கு அந்த எண் அப்படிப் பதிந்து கிடக்கிறது. பேச்சே நின்றுபோனவர்களிடம் "உங்கள் அம்மாவின் ஸ்டோர் நம்பர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வேலைக்கு நேரடியாக உதவுகிற ஒன்றும் இதில் இருக்கிறது. வயதான ஆண்களின் முதுகில், கையில், நெற்றியில் நீலக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அது கன்றிப்போன காயமில்லை. சுரங்கத்தில் அடிபட்ட இடத்தில் கரித்தூள் புகுந்து, பச்சை குத்தியது போல அப்படியே நின்றுவிட்டது. கேர் பிளானில் அது முன்பே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விசாரித்து எழுதுங்கள். சிலருக்குத் துளைக்கும் கருவியைப் பல வருடம் பிடித்ததால் விரல்களில் ரத்த ஓட்டம் கெட்டிருக்கும், குளிரில் வெளுத்துவிடும். அந்த விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டினால் அளவு சரியாக வராமல் போகலாம். கையைச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். நுரையீரல் நோய்க்காரரிடம் "புகைபிடித்தீர்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "எந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தீர்கள்?" என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் ஆழமாகப் பேசினால் அப்படிச் சொல்வதில்லை. கழிப்பறை முற்றத்தின் கோடியில் இருக்கும். கணப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில் ஒருவர் பின் ஒருவராக அதே தண்ணீரில் குளியல். பதினோரு வயதில் எழுதும் ஒரு பரீட்சைதான், தேறியவர்கள் மட்டும் போகும் கிராமர் பள்ளியா இல்லையா என்று முடிவு செய்யும். மற்றவர்கள் பதினைந்து வயதில் வேலைக்கு. 1951 மே 29 விடியற்காலை ஈசிங்டன் சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டது. காப்பாற்றப் போன இருவரையும் சேர்த்து 83 பேர் செத்தார்கள். அன்று பத்து வயதாக இருந்த பிள்ளைகள்தான் இன்று உங்கள் இல்லத்தில் இருக்கிறார்கள். மே மாதக் கடைசியில் யாராவது காரணமில்லாமல் அழுதால், சாப்பிட மறுத்தால், இதை நினைவில் வையுங்கள்.

அதே 1951இல் கவுண்டி நிர்வாகம் ஒரு திட்டம் போட்டது. 114 கிராமங்களை "டி" வகை என்று குறித்து, அங்கே இனிப் புது வீடு, புது முதலீடு எதுவும் வேண்டாம், தானாகத் தேயட்டும் என்று விட்டார்கள். 1977இல்தான் அதைக் கைவிட்டார்கள். நம் கிராமத்தைச் சாக விடலாம் என்று யாரோ மேஜையில் முடிவெடுத்த கோபம் இன்னும் ஆறவில்லை. அலுவலகம், படிவம், அதிகாரி என்றாலே இவர்கள் முகம் சுளிப்பதன் வேர் அங்கேயும் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள்: சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நடத்திய வேலைநிறுத்தம். ஒரு வருடம் சம்பளமில்லை; ஹால்களில் பெண்கள் சமைத்துப் போட்டுத்தான் குடும்பங்கள் பிழைத்தன. நடுவில் வேலைக்குத் திரும்பியவர்களோடு அண்ணன் தம்பியே பேச்சை விட்ட வீடுகள் உண்டு. அன்று எதிரெதிர் பக்கத்தில் நின்ற இருவர் இன்று உங்கள் இல்லத்தின் ஒரே வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, "எல்லாம் போச்சு" என்பது நம்மைக் குத்துவதே இல்லையா? சில சமயம் நம்மைத்தான். மறைக்கத் தேவையில்லை. 2024 ஜூலை கடைசியில் ஹார்ட்டில்பூலிலும் ஆகஸ்ட் 2 அன்று சண்டர்லாந்திலும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது எங்கள் வீட்டில் யாரும் இரண்டு மூன்று நாள் தேவையில்லாமல் வெளியே போகவில்லை. சண்டர்லாந்தில் மறுநாள் காலை துடைப்பத்தோடு வந்து தெருவைச் சுத்தம் செய்ததும் இதே ஊர்க்காரர்கள்தான். இரண்டும் உண்மை. வேலையிடத்தில் யாராவது நிறத்தைச் சொல்லித் திட்டினால், அவருக்கு டிமென்ஷியா இருந்தாலும், எழுதி வைத்து மேனேஜரிடம் சொல்லுங்கள். "பாவம், வயசானவர்" என்று விழுங்காதீர்கள். ஆனால் ஊரின் கதை தெரிந்துவிட்டால், யார் வெறுப்பில் பேசுகிறார், யார் துக்கத்தில் பேசுகிறார் என்பது கேட்கும்போதே பிடிபடும். பெரும்பாலானோர் இரண்டாவது வகை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். என் அபிப்பிராயம், ஆரம்பப் பள்ளி முடியும்வரையாவது இங்கே இருங்கள். ஈஸ்ட்ஹாமில் இட்லி மாவும் கோயிலும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கொடுக்கும் வாடகையில் பாதிக்கும் குறைவாக இங்கே தனி வீடு கிடைக்கும். வீடு பார்க்கும்போது மட்டும் கவனம்: எங்கோ இருந்துகொண்டு ஏலத்தில் மலிவாக வாங்கிப் போட்டு, வந்தே பார்க்காத உரிமையாளர்களின் வீடுகள் இருக்கின்றன. சுவரில் பூஞ்சை இருக்கிறதா, பாய்லர் ஓடுகிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் பெரியவர்கள் விளையாடிய பின் சந்தில் இன்று கார்கள் நிற்கின்றன. குழந்தையைத் தனியாக விட முடியாது. ஆனால் அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் மகளுக்குக் கிடைக்கும்: சுத்தமான கடல். சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி இந்தக் கடற்கரை கன்னங்கரேலென்று கிடந்தது. 1997இல் தொடங்கிப் பெரிய அளவில் சுத்தம் செய்தார்கள். சீஹாமுக்குக் கூட்டிப் போங்கள். 1921இல் மூடிய பாட்டில் ஆலை கடலில் கொட்டிய உடைசல் கண்ணாடி, அலையில் உருண்டு வழவழப்பான கூழாங்கல்லாகக் கரையேறுகிறது. பச்சையும் வெள்ளையும் நிறைய, சில சமயம் நீலம். அவள் பாக்கெட் நிறைய அள்ளி வருவாள். அதில் ஒன்றிரண்டை இல்லத்துக்கு எடுத்துப் போய்ப் பாட்டிகள் கையில் கொடுங்கள்.

கஷ்டம் வருவது பதின்பருவத்தில். சாயங்காலத்துக்கு மேல் பஸ் குறைவு, பிள்ளைகள் போய் உட்கார இடமில்லை. எங்கள் வீட்டில் அந்த வருடங்கள் முழுக்க அவர்களை ஏற்றி இறக்கும் டிரைவர் வேலைதான் எனக்கு. இருந்தாலும் எல்லாமே போய்க்கொண்டே இருக்கிறது என்பதும் சரியில்லை. 1964இல் மூடிய ஹார்டன் ரயில் நிலையம் 2020 ஜூனில் புதிதாகத் திறந்தது. சண்டர்லாந்து, நியூகாசிலுக்கு ரயிலிலேயே போகலாம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் நியூகாசிலில் கிடைக்கும்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை ஷிஃப்ட் இல்லாமல் பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு டர்ஹாம் நகருக்குப் போங்கள். 1871இல் தொடங்கிய மைனர்ஸ் கேலா என்கிற சுரங்கத் தொழிலாளர் திருவிழா அன்றுதான். எப்போதோ மூடிய சுரங்கங்களின் பட்டுக் கொடிகளை ஆளுயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு, பேண்டு வாத்தியத்தோடு பேரன் பேத்திகள் நடந்து போவார்கள். எந்தக் கொடியைப் பார்த்தோம் என்று போட்டோ எடுத்துவந்து இல்லத்தில் காட்டுங்கள்.

பள்ளிக்கூடம் பற்றி ஒன்று. நான்கு வயது முடிந்த பிறகு வரும் செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு, அதாவது ஆரம்பப் பள்ளியின் முதல் வருடம். அதற்கான விண்ணப்பத்தை அந்த ஆண்டு ஜனவரி 15க்குள் டர்ஹாம் கவுண்டி கவுன்சிலுக்கு ஆன்லைனில் அனுப்பிவிட வேண்டும். தேதி தாண்டினால் பக்கத்துப் பள்ளியில் இடம் நிரம்பிவிடும். விண்ணப்பிக்கும் முன் இரண்டு மூன்று பள்ளிகளை நேரில் போய்ப் பாருங்கள். எது நல்லது என்று உங்களோடு வேலை பார்க்கும் உள்ளூர் கேரர்களிடம் கேளுங்கள். அவர்கள் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள்.